நாண் நடந்த தூரம்

பள்ளிக் கணிதப் புத்தகத்தில் வட்டம் பற்றிய பாடத்துக்கு வந்தால் வில், நாண் என்று இரண்டு சொற்கள் எதிர்ப்படும். வட்டத்தின் விளிம்பில் ஒரு துண்டு வில். அதன் இரு முனைகளையும் நேராக இணைக்கும் கோடு நாண். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கோயில் தூணில் வில்லேந்திய சிற்பத்தை ஒருமுறை பார்த்த பிள்ளைக்கும் படம் மனத்தில் நின்றுவிடும். சில பாடங்கள் தள்ளி முக்கோணவியல் தொடங்குகிறது. அங்கே சைன் என்றொரு சொல் வருகிறது. செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கிடைப்பது சைன் என்கிறது பாடம். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அங்கே பேச்சில்லை. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், கால்குலேட்டரில் பொத்தானை அழுத்துகிறார்கள், தேர்வு எழுதிவிட்டு மறக்கிறார்கள்.

அந்தச் சைன், முந்தைய பாடத்தில் பார்த்த அதே நாண்தான். சரியாகச் சொன்னால் நாணில் பாதி. இந்த ஒன்றை முதல் நாளே சொல்லிவிட்டால் முக்கோணவியலைக் கண்டு பிள்ளைகள் இவ்வளவு மிரள மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். சொல்லாமல் போனதற்குக் காரணம், அந்த நாண் இங்கிருந்து புறப்பட்டு பாக்தாத், ஸ்பெயின், ஜெர்மனி, லண்டன் என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, அடையாளம் தெரியாத கோலத்தில் நம்மிடமே திரும்பி வந்திருப்பதுதான்.

முதலில் படத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு வட்டம் வரையுங்கள். அதன் வலப்பக்கத்தில், மேலும் கீழும் ஒரே அளவாக, ஒரு வில்லைக் குறித்துக்கொள்ளுங்கள். முனைகளை இணைத்து நாணேற்றுங்கள். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்கு ஒரு சிறு கோடு போட்டால், அது தொடுத்த அம்பு. பழைய இந்திய வானியல் நூல்கள் இந்தப் படத்தில் கண்டதையே பெயர்களாக வைத்தன. வளைவுக்குச் சாபம் அல்லது தனுசு, நேர்கோட்டுக்கு ஜ்யா அல்லது ஜீவா, நடுக்கோட்டுக்குச் சரம். சமஸ்கிருதத்தில் இவை வில், நாண், அம்பு. இனி வட்டத்தின் மையத்திலிருந்து வில்லின் மேல்முனைக்கு ஒரு கோடு இழுங்கள். அது ஆரம். மையத்திலிருந்து நாணின் நடுப்புள்ளி வரை இன்னொரு கோடு. ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. அதன் கர்ணம் ஆரம், எதிர்ப்பக்கம் நாணின் மேல்பாதி. எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுப்பது என்றால், பாதி நாண் ஆரத்தில் எத்தனை பங்கு என்று கேட்பதுதான்.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் மனப்பாடம் தானாகக் கழன்றுவிடுகிறது. மையத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் கோணம், வில்லின் மேல்பாதிக்கு உரியது. அது 90 பாகையானால் முழு வில் அரைவட்டமாகும். நாண் விட்டமாகும், பாதி நாண் ஆரமாகும். ஆகவே 90 பாகையின் சைன் 1. கோணம் 30 பாகையானால் முழு வில் 60 பாகை. வட்டத்துக்குள் ஆரத்தின் அளவிலேயே ஆறு நாண்கள் சரியாகப் பொருந்தும். காம்பஸை வைத்து ஆறிதழ்ப் பூ வரைந்த எல்லோருக்கும் இது கைப்பழக்கமாகவே தெரியும். அந்த நாண் ஆரத்துக்குச் சமம், அதில் பாதி ஆரத்தில் பாதி. ஆகவே 30 பாகையின் சைன் அரை. கோணம் சுழியானால் வில்லும் இல்லை, நாணும் இல்லை.

முழு நாணை விட்டுவிட்டு ஏன் பாதி நாண்? கிரேக்க வானியலாளர்கள் முழு நாணைத்தான் கையாண்டார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் நாண் அட்டவணை ஒன்றைச் செய்தார் என்பார்கள், அது கிடைக்கவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் அட்டவணை நம்மிடம் இருக்கிறது. ஆரம் 60 என்று வைத்துக்கொண்டு, அரைப் பாகையில் தொடங்கி 180 பாகை வரை, அரை அரைப் பாகையாக ஏறி 360 நாண்களின் நீளத்தைக் கணக்கிட்டிருக்கிறார். பிரமிக்க வைக்கும் உழைப்பு. ஆனால் அதைப் பயன்படுத்துவதில் ஒரு தொல்லை இருந்தது. வானத்துக் கணக்குகளில் செங்கோண முக்கோணம்தான் திரும்பத் திரும்ப வரும். அதற்கு ஒவ்வொரு முறையும் கோணத்தை இரட்டிப்பாக்கி, அட்டவணையில் நாணைத் தேடி, அதைப் பாதியாக்க வேண்டும். இந்திய வானியலாளர்கள் இந்த இரண்டு வேலையையும் அட்டவணைக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். பாதி வில்லுக்கு நேரே பாதி நாணை எழுதிவைத்தார்கள். அதற்கு அர்த்தஜ்யா என்று பெயர். அர்த்தம் என்றால் பாதி. சொல்லச் சொல்ல முன்பாதி உதிர்ந்து வெறும் ஜ்யா நின்றது. தமிழில் நேராகச் சொன்னால் அரைநாண். ஒரு சின்னத் திருத்தமாகத் தெரியும் இது, கணித வரலாற்றின் பெரிய முடிவுகளில் ஒன்று என்று நினைக்கிறேன். இன்று உலகம் முழுவதும் கையாளும் அளவு தாலமியின் நாண் கிடையாது, இந்த அரைநாண்தான்.

கி.பி. 499இல், தம் 23ஆம் வயதைக் குறிப்பிட்டு ஆர்யபட்டர் எழுதிய ஆர்யபட்டீயத்தில் அரைநாண் எண்கள் ஒரே ஒரு செய்யுளில் அடங்கியிருக்கின்றன. எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுக்கும் முறையொன்றை அவரே வகுத்துக்கொண்டு, அதில் 24 எண்களைச் செய்யுளாக்கினார். கால்வட்டத்தை 24 சம துண்டுகளாக்கினால் ஒரு துண்டு 3 பாகை 45 கலை, அதாவது 225 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. அந்தந்தப் படிக்குரிய நாணைச் சொல்லாமல், முந்தைய படியைவிட நாண் எவ்வளவு கூடியது என்பதை மட்டும் சொல்கிறார். 225, 224, 222, 219, 215, 210, 205, 199 என்று தொடங்கி, 51, 37, 22, 7 என்று முடிகிறது வரிசை.

முதல் எட்டையும் கூட்டிப் பாருங்கள். 1719 வரும். எட்டாம் படி என்பது 30 பாகை. இருபத்துநான்கையும் கூட்டினால் 3438 வரும். அது 90 பாகை, அதாவது முழு ஆரம். 1719 சரியாக அதில் பாதி. காம்பஸ் பூவில் நாம் கண்ட அதே அரை.

ஆரத்துக்கு 3438 என்ற விசித்திரமான எண்ணை ஏன் எடுத்தார்? வட்டத்தின் சுற்று 360 பாகை, கலையில் 21,600. சுற்றளவு 21,600 ஆக இருக்கும் வட்டத்துக்கு ஆரம் எவ்வளவு என்று கேட்டால் 3437.7 சொச்சம் வரும். முழுதாக்கினால் 3438. அதாவது வில்லை அளக்கும் அதே கோலால் நாணையும் அளக்கிறார். அதனால்தான் முதல் துண்டில் வில்லின் நீளமும் 225, நாணின் நீளமும் 225. சிறிய வில் வளைவதே இல்லை, நாணும் அதுவும் ஒட்டிக் கிடக்கும் என்ற செய்தி அந்த எண்ணுக்குள் இருக்கிறது. இன்று கல்லூரியில் ரேடியன் என்ற அளவைப் படிக்கும் மாணவர்கள் கற்பது இதே சிக்கனத்தைத்தான்.

8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய வானியல் நூல்கள் பாக்தாத்தில் அரபுக்குப் போயின. கலீஃபா அல்-மன்சூரின் காலம். அங்கே அறிஞர்கள் ஜீவா என்ற சொல்லைப் பொருள் பெயர்க்காமல் ஒலியாக எடுத்துக்கொண்டார்கள். அரபு நாவில் அது ஜீபா ஆயிற்று. அரபு எழுத்தில் குற்றுயிர்களை எழுதும் வழக்கம் பொதுவாக இல்லை. ஆகவே ஏட்டில் நின்றவை ஜ, ய, ப என்ற மெய்களுக்குரிய மூன்று எழுத்துகள் மட்டுமே. படிப்பவர்தான் உயிர் கொடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ் ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். ஓலை கிழியாதிருக்கப் புள்ளி வைக்காமல் எழுதுவார்கள். எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியாது. எரி என்று படிப்பதா, ஏரி என்று படிப்பதா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் அரபு வாசகருக்கு இடமும் உதவவில்லை, ஏனென்றால் ஜீபா என்று அவர் மொழியில் ஒரு சொல்லே இல்லை. அதே மூன்று எழுத்துகளில் அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல் ஒன்று இருந்தது. அது ஜைப். ஆடையில் மார்புப் பக்கத்துத் திறப்பு, மடிப்பு, அதற்குள் எதையாவது வைத்துக்கொள்ளும் இடம். வட்டத்தின் அரைநாணுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அரபு நூல்களை லத்தீனுக்குப் பெயர்த்தார்கள். கிரிமோனாவின் ஜெரார்டு பெயர்த்தார் என்று சொல்வோர் உண்டு, செஸ்டரின் ராபர்ட் என்போரும் உண்டு. ஜைப் என்ற சொல்லுக்கு லத்தீனில் நேர்ச்சொல் சைனஸ். மடிப்பு, குழிவு, மார்பின் வளைவு, கடலின் விரிகுடா எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் உண்டு. அதிலிருந்து ஆங்கிலத்தின் சைன்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் மொழிபெயர்ப்பாளரின் தவறு என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் முன்னிருந்த ஏட்டில் என்ன எழுதியிருந்ததோ அதை அவர் சரியாகவே பெயர்த்தார். ஒலியாக மட்டும் கடன் வாங்கிய ஒரு சொல், புதிய ஊரில் தனக்கு உறவு தேடிக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது.

அதே பயணத்தில் போன அம்பைப் பாருங்கள். சரத்தை அரபு அறிஞர்கள் ஒலியாக எடுக்காமல் பொருள் பெயர்த்தார்கள். ஸஹ்ம் என்றார்கள், அரபில் அம்பு. லத்தீன்காரர்கள் அதைப் பெயர்த்து ஸகிட்டா என்றார்கள், லத்தீனில் அம்பு. இன்றும் மூக்குக்கண்ணாடி வில்லையோ தொலைநோக்கியின் ஆடியோ செய்பவர்கள், அதன் வளைவு நடுவில் எவ்வளவு ஆழம் என்பதை அந்த லத்தீன் பெயராலேயே குறிக்கிறார்கள். பொருள் பெயர்த்த அம்பு மூன்று மொழி கடந்தும் அம்பாகவே இருக்கிறது. ஒலி பெயர்த்த நாண்தான் சட்டைக்குள் புகுந்துவிட்டது.

ஜைப் அத்தோடு நிற்கவும் இல்லை. இன்றைய அரபில் அதற்குச் சட்டைப் பை என்று பொருள். பாரசீகம், உருது வழியாக அது ஜேப் ஆகி இந்தியாவுக்கு வந்தது. ஜேப்படித் திருடன் பிடிபட்டான் என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே, அந்த ஜேப் இதுதான். லத்தீனின் சைனஸும் வேறொரு வழியில் நம்மிடம் வந்து சேர்ந்தது. முக எலும்புக்குள் இருக்கும் குழிவுகளுக்கு உடற்கூற்றியலார் அந்தப் பெயரை வைத்தார்கள். பனிக்காலத்தில் தலைபாரத்தோடு மருத்துவரிடம் போகிறவர்கள் சைனஸ் தொல்லை என்கிறார்கள். நாண், ஜேப், சைனஸ், சைன் என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் நான்கு சொற்கள் தமிழ் பேசுபவர் வாயில் அன்றாடம் புழங்குகின்றன. நடுவில் ஓடும் இழை வட்டத்துக்குள் வரைந்த அந்த ஒரு கோடு.

சைனின் கூடப்பிறந்ததான கொசைனுக்கும் இங்கே வேர் உண்டு. மையத்திலிருந்து நாணின் நடு வரை ஒரு கோடு போட்டோமே, அதற்குக் கோடிஜ்யா என்று பெயர். கோடி என்றால் வில்லின் முனை; தெருக்கோடி என்கிறோமே, அந்தப் பொருள். 90 பாகையை நிறைக்க மிச்சமிருக்கும் வில்லின் நாண் அது. லத்தீனில் இதை நிரப்புக் கோணத்தின் சைனஸ் என்று நீட்டிச் சொல்லிவந்தார்கள். 1620இல் லண்டனில் எட்மண்ட் குன்டர் அதைக் கோ-சைனஸ் என்று சுருக்கினார். நில அளவையில் சங்கிலி என்று நம்மூரிலும் வழங்கிய 66 அடி அளவைச் சங்கிலியும் அவர் பெயரால் அறியப்படுவதுதான். டேன்ஜென்ட் என்ற பெயர் 1583இல் டென்மார்க்கின் தாமஸ் ஃபிங்க் வைத்தது. தொடுவது என்று பொருள், அதில் சிக்கல் எதுவும் இல்லை.

பெயர் மாறியது ஒரு இழப்பு என்றால், படம் மறைந்தது இன்னொரு இழப்பு. கோப்பர்நிக்கஸின் மாணவர் ரெட்டிகஸ் 1551இல் வெளியிட்ட அட்டவணையில் வட்டத்தை ஒதுக்கிவிட்டு, செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைக் கொண்டே இந்த அளவுகளை நேரடியாக வரையறுத்தார். கணக்குப் போடுபவருக்கு அது பெரிய வசதி. 1748இல் ஆய்லர் ஆரத்தை 1 என்று எடுத்துக்கொண்டு, சைனை நீளம் என்ற நிலையிலிருந்து விடுவித்து ஒரு எண்ணாகவே கையாண்டார். உயர்கணிதத்துக்கு அது திறந்துவிட்ட வாசல் பெரியது. பள்ளிப் பாடம் ரெட்டிகஸின் வழியில் தொடங்குகிறது. வல்லுநருக்கு வசதியான வரையறையைத் தொடக்கப் பிள்ளையின் முதல் பக்கத்தில் வைத்தது சரியில்லை என்பது என் கருத்து. வட்டமும் வில்லும் முன்னால் வரட்டும், விகிதம் பின்னால் வரட்டும்.

இதற்கிடையே சொல் பிறந்த நாட்டில் வேலை நிற்கவில்லை. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கரர் அட்டவணையே இல்லாமல் சைன் காணும் வழியொன்றைக் கொடுத்தார். கோணத்தை 180இலிருந்து கழித்து, வந்ததைக் கோணத்தாலேயே பெருக்குங்கள். அந்தப் பெருக்கலின் நான்கு மடங்கு மேலே. 40,500இலிருந்து அதே பெருக்கலைக் கழித்தது கீழே. வகுத்தால் சைன். 30 பாகைக்குச் செய்து பார்க்கலாம். 30ஐ 150ஆல் பெருக்கினால் 4,500. நான்கு மடங்கு 18,000. 40,500இல் 4,500 போனால் 36,000. விடை அரை. 45 பாகைக்கு 0.7059 வரும், உண்மை மதிப்பு 0.7071. சுழி முதல் 180 பாகை வரை எந்தக் கோணத்துக்கும் பிழை 0.002ஐத் தாண்டுவதில்லை. தாளும் பென்சிலும் இருந்தால் இன்று மாலையே யாரும் சோதித்துப் பார்க்கக்கூடிய சூத்திரம் இது. அதை அவர் எப்படிக் கண்டார் என்று எண்ணும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது.

14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவர் இன்னும் ஆழத்துக்குப் போனார். ஆரம் 1 என்று கொண்டால், வில்லின் நீளத்தை எடுத்துக்கொள். அதன் மூன்றாம் அடுக்கை 6ஆல் வகுத்துக் கழி. ஐந்தாம் அடுக்கை 120ஆல் வகுத்துக் கூட்டு. ஏழாம் அடுக்கை 5,040ஆல் வகுத்துக் கழி. போகப்போக விடை உண்மையை நெருங்கும், எவ்வளவு நெருக்கம் வேண்டுமோ அவ்வளவு. ஐரோப்பாவில் இதே தொடரை 1660களில் நியூட்டன் கண்டார். மாதவரின் மரபில் வந்த ஜ்யேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் யுக்திபாஷா என்ற நூலில் இதற்கான நிறுவலை எழுதினார். வானியல் நூல்கள் சமஸ்கிருதச் செய்யுளில் இருந்த காலத்தில் அவர் எழுதியது மலையாள உரைநடையில். நம் நாண் மலையாளத்தில் ஞாண். அரைஞாண் கயிறு என்று சொல்லும்போது நாமும் அந்தப் பழைய வடிவத்தைத்தான் சொல்கிறோம்.

இந்த எண்கள் எல்லாம் ஏட்டில் மட்டும் கிடந்தவை இல்லை. மனிதர் நாவிலும் விரலிலும் இருந்தன. 1825இல் சென்னையில் அச்சான காலசங்கலிதா என்ற நூலில் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, எதையும் எழுதாமல், மனப்பாடமாக இருந்த அட்டவணைகளைக் கொண்டே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். சூரிய சந்திரர் இருக்கும் இடத்தைச் சொல்லும் அந்த அட்டவணைகளின் அடியில் ஜ்யாதான் இருந்தது.

அதற்குச் சற்று முன்னால், சைன் வேறு உடையில் சென்னைக்கு வந்திறங்கியிருந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே தொடங்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் மிகத் துல்லியமாக அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவையின் முதல் கோடு அது. அதற்குப் பின் தரையில் நீளம் அளக்கும் வேலை மிகவும் குறைந்தது. ஒரு முக்கோணத்தில் பக்கங்களின் விகிதமும் எதிர்க்கோணங்களின் சைன் விகிதமும் ஒன்றே. அதனால் ஒரு பக்கம் தெரிந்தால், கோணங்களை மட்டும் பார்த்து மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிடலாம். அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம். கோணம் அளக்க அவர் கொண்டுவந்த தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, பாகை குறித்த வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் அதைப் பொறுமையாக நிமிர்த்திச் சரிசெய்து வேலையைத் தொடர்ந்தார். இந்த முக்கோணச் சங்கிலி வடக்கே ஏறி இமயம் வரை போயிற்று. 1856இல் பதினைந்தாம் சிகரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். இன்று எவரெஸ்ட் என்று நாம் சொல்லும் மலை. அந்தக் கணக்கில் ராதாநாத் சிக்தார் என்ற வங்கக் கணிதரின் உழைப்பு பெரிது. யாரும் ஏறிப் பார்க்காத உயரத்தை வெகுதொலைவில் நின்று சொல்ல முடிந்தது சைனால்தான்.

நில அளவைக்கும் கிரகணத்துக்கும் சைன் வேண்டியிருப்பது புரிகிறது. இரண்டிலும் வட்டமும் கோணமும் இருக்கின்றன. கோணமே இல்லாத இடங்களில் அது ஏன் வந்து நிற்கிறது? ஊஞ்சலில், வீணைத் தந்தியில், வீட்டு மின்சாரத்தில்? பதில் ஆர்யபட்டரின் அந்த 24 எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

நாண் ஒவ்வொரு படியிலும் கூடும் அளவு 225, 224, 222, 219 என்று குறைந்துகொண்டே போகிறது அல்லவா? எவ்வளவு குறைகிறது என்று மட்டும் எழுதுங்கள். 1, 2, 3, 4, 5, 5, 6, 8 என்று தொடங்கிக் கடைசியில் 15, 15 என்று முடியும். இப்போது அந்தந்த இடத்தில் நாண் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். முதல் படியில் நாண் 225, குறைவு 1. எட்டாம் படியில் நாண் 1719, குறைவு 8. கடைசிக்கு முந்தைய படியில் நாண் 3431, குறைவு 15. நாணின் நீளத்தை 225ஆல் வகுத்து முழுதாக்கினால், பெரும்பாலும் அந்தக் குறைவே கிடைக்கிறது. ஆர்யபட்டர் இதை விதியாகவே சொல்லியிருக்கிறார். நாண் எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு அதன் வளர்ச்சிக்குத் தடை விழுகிறது.

ஒரு தந்தியைச் சுண்டிவிடுங்கள். நிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அந்த அளவுக்கு அதைத் திரும்ப இழுக்கும் விசையும் கூடுகிறது. ஊஞ்சல் சற்றே விலகினால் மெல்ல இழுபடுகிறது, அதிகம் விலகினால் வேகமாக. சுருள்வில்லும் அப்படியே. விலகிய அளவுக்குப் பின்னிழுப்பு என்ற இந்த ஒரு குணம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அசைவு நேரத்தோடு மாறும் விதம் ஆர்யபட்டரின் எண்வரிசைதான். அதனால்தான் தந்தி தன் அடிப்படைச் சுருதியில் அதிரும்போது அதன் உருவமே சைன் வளைவாக இருக்கிறது. வில்லின் நாணைச் சுண்டினாலும் சில கணங்களில் மேல்சுருதிகள் அடங்கி, நாண் அந்த வளைவில் ஆடும். நாண் என்று பெயர்பெற்ற அளவை நாணே தன் அசைவில் வரைந்து காட்டுகிறது. பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 18ஆம் நூற்றாண்டில்தான் தந்தியின் அதிர்வுக்குச் சமன்பாடு எழுதினார்கள்.

மின்சாரத்தில் மறுபடியும் வட்டமே வருகிறது. மின்நிலையத்தில் காந்தப்புலமும் கம்பிச்சுருளும் ஒன்றைப் பொறுத்து ஒன்று சுழல்கின்றன. நம் அனல்மின் நிலையங்களின் பெரிய சுழலிகள் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது நொடிக்கு 50. ஒவ்வொரு கணமும் கம்பியில் எழும் மின்னழுத்தம், அந்தச் சுற்றில் அப்போதைய கோணத்தின் அரைநாண். 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. உண்மையில் அது நொடிக்கு 50 முறை ஏறத்தாழ 325 வரை ஏறி, சுழிக்கு இறங்கி, எதிர்ப்பக்கமும் அதே அளவு போய்வருகிறது.

1822இல் ஃபிரான்சில் ஃபூரியே வெளியிட்ட வெப்பவியல் நூல் இந்தக் கதையை இன்னும் விரித்தது. எவ்வளவு கோணல்மாணலான அலையையும், நீளமும் உயரமும் வேறுவேறான சைன், கொசைன் அலைகளின் கூட்டாக எழுதிவிடலாம் என்றார். பின்னால் வந்தவர்கள் அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று வரம்பு கட்டினார்கள், கருத்து நிலைத்தது. 1974இல் நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் இதிலிருந்து கணிப்பொறிக்கு ஏற்ற ஒரு முறையைச் செய்து வெளியிட்டார்கள். அது முழுவதும் கொசைன்களால் ஆனது. கைப்பேசியில் ஜேபெக் என்று சேமிக்கப்படும் ஒவ்வொரு படமும் எட்டுக்கு எட்டு என்று 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் 64 கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையாக ஏறி இறங்கும் அலைகளைத் தோராயமாக்கியோ விட்டுவிட்டோ மற்றவற்றை மட்டும் எழுதிவைத்தால், படத்தின் அளவு பத்தில் ஒரு பங்குக்குக்கூடக் குறையும், முகம் மாறாது. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பேரக்குழந்தையின் படம் நொடியில் போய்ச் சேர்கிறதென்றால், கம்பியில் போவது கோடிஜ்யாக்களின் பட்டியல்.